சோனியா டெலோனே: உடுத்திக்கொள்ளும் ஓவியம்

பாரீசில் உள்ள பொம்பிதூ கலை மையத்தின் சேகரிப்பில் ஒரு குழந்தைப் போர்வை இருக்கிறது. நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அகலம் அதைவிடக் குறைவு. இளஞ்சிவப்பு, பழுப்பு, வெண்ணெய் நிறம், கரும்பச்சை, அரக்கு, கறுப்பு என்று பல நிறத் துண்டுத் துணிகளை அடுத்தடுத்து வைத்துத் தைத்தது. முக்கோணம் போல் தொடங்கும் ஒரு துண்டு பாதியில் மனம் மாறி நாற்கரம் ஆகிவிடுகிறது. பூ இல்லை, பறவை இல்லை, குழந்தைக்கு வேடிக்கை காட்டும் எதுவும் இல்லை. 1911 சனவரியில் பிறந்த தன் மகன் ஷார்லுக்காக ஓவியர் சோனியா டெலோனே தைத்தது அது. அப்போது அவருக்கு வயது 25. தொட்டிலுக்காகத் தைத்த அந்தப் போர்வை இன்று ஓவியத்துக்குரிய மரியாதையோடு அங்கே பாதுகாக்கப்படுகிறது.

சோனியாவைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்தப் போர்வையை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு ஓவியங்களுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கணவர் ரொபேர் டெலோனே, உருவங்களைக் கரைத்து நிறங்களை மட்டுமே நிற்கவைத்த தன் சன்னல் வரிசை ஓவியங்களைத் தீட்டியது 1912இல். போர்வை அதற்கு ஓராண்டு முந்தியது. உக்ரைன் விவசாயிகளின் வீடுகளில் பார்த்த ஒட்டுத்துணிப் போர்வைகளை நினைத்துத்தான் தைத்ததாகவும், முடித்துப் பார்த்தபோது அது, உருவங்களைக் கட்டங்களாக உடைத்துக் காட்டும் கியூபிசச் சிந்தனையை ஒத்திருந்ததாகவும், பிறகுதான் அதே முறையை மற்றப் பொருள்களிலும் ஓவியங்களிலும் முயன்று பார்த்ததாகவும் சோனியாவே பின்னாளில் சொன்னார். அதாவது, ஊசி முதலில் போனது. தூரிகை அதன் பின்னால் போனது.

அவர் பாரீஸ்காரர் அல்ல. 1885 நவம்பரில், அன்றைய ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்த உக்ரைனில், வசதியில்லாத யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிறப்புப் பெயர் சாரா ஸ்டெர்ன். சிறுவயதிலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வழக்கறிஞராக இருந்த தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மாமன் வீட்டில் எதற்கும் குறைவில்லை: பல மொழிகள், அருங்காட்சியகங்கள், வெளிநாட்டுப் பயணங்கள். மாமனின் குடும்பப் பெயரான தெர்க் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. சாரா சோனியா ஆனார். 18 வயதில் ஓவியம் படிக்க ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவுக்குப் போனார். இருபது வயதில் பாரீஸ். உக்ரைன், பீட்டர்ஸ்பர்க், கார்ல்ஸ்ரூ, பாரீஸ் என்று நான்கு இடங்கள். அதற்குள் இரண்டு பெயர்கள்.

பாரீசில் ஒரு சிக்கல் வந்தது. திருமணமாகாத பெண் அந்நிய நகரத்தில் தனியே தங்குவதை ரஷ்யாவில் இருந்த குடும்பம் விரும்பவில்லை. திரும்பி வரச் சொன்னது. வில்ஹெல்ம் ஊடே என்ற ஜெர்மானியக் கலைக்கூட உரிமையாளரை 1908இல் மணந்துகொண்டார். இருவருக்கும் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. சோனியாவுக்குப் பாரீசில் இருக்க அனுமதிச் சீட்டுப் போல. 1910இல் மனக்கசப்பின்றிப் பிரிந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ரொபேரை மணந்தார்.

அதற்கு முன்பே அவர் தேர்ந்த ஓவியர். 1908இல் தீட்டிய மஞ்சள் நிர்வாண ஓவியத்தில் பெண்ணின் உடல் முழுவதும் மஞ்சள். நிழல் விழும் இடங்களில் பச்சை. கோகன், மத்தீஸ் ஆகிய ஓவியர்களின் வழியில் போன துணிச்சல் அது. ஆனால் அதில் இன்னும் ஓர் உருவம் இருக்கிறது. நிறம் அந்த உருவத்தின்மேல் பூசப்பட்டிருக்கிறது. போர்வையில் அந்த உருவம் காணாமல் போய்விட்டது. காரணம் எளிது என்று தோன்றுகிறது. துணித்துண்டை வைத்து முகம் வரைய முடியாது. பச்சைக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்ற ஒரே கேள்விதான் தைப்பவரின் முன் நிற்கும்.

இந்தக் கேள்விக்கு அறிவியல் விடை ஒன்று பிரான்சில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அதுவும் துணி உலகத்திலிருந்து வந்ததுதான். பாரீசின் கோப்லென் நெசவுக்கூடம் அரச மாளிகைகளுக்கான திரைச்சீலைகளை நெய்த இடம். அதன் சாயப்பிரிவுக்கு இயக்குநராக இருந்தவர் வேதியியலாளர் மிஷெல் யூஜேன் ஷெவ்ரல். கறுப்புச் சாயம் சரியாக இறங்கவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்தால் சோகையாகத் தெரிகிறது என்று நெசவாளர்கள் அவரிடம் குறைப்பட்டார்கள். ஷெவ்ரல் சாயத்தைச் சோதித்தார். அதில் பழுது இல்லை. பழுது பக்கத்து நூலில் இருந்தது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது அதன் அருகில் இருக்கும் நிறத்தையும் பொறுத்தது என்று கண்டு, 1839இல் விரிவான புத்தகமாக எழுதினார். உடனிகழ் நிற மாறுபாடு என்பது அதன் பெயர்.

ஒரு சாம்பல் நிறத் தாள்துண்டை எடுத்துச் சிவப்புத் தாளின் நடுவே வைத்துப் பாருங்கள். சாம்பலில் லேசாகப் பச்சை ஏறியதுபோல் இருக்கும். அதே துண்டைப் பச்சைத் தாளுக்கு மாற்றினால் செம்மை தட்டும். கண், தான் பார்க்கும் நிறத்தின் எதிர்நிறத்தைப் பக்கத்து இடத்தின்மீது தானாகவே தெளித்துவிடுகிறது. சிவப்பையும் பச்சையையுமே அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, நடுவில் இருக்கும் எல்லைக்கோடு துடிப்பதுபோல் தெரியும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பதற்கு நேர் மாறு இது: இங்கே பச்சையோடு சேர்ந்த சிவப்பு இன்னும் சிவக்கிறது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரக்குப் புடவைக்குப் பச்சைக் கரை ஏன் எடுக்கிறது, மயில்கழுத்து நிறம் நடக்கும்போது ஏன் மாறிமாறித் தெரிகிறது என்பதைப் புடவைக் கடையில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் எவரும் அறிவார். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மூன்றாவது நிறம் கண்ணில் நெய்யப்படுகிறது. இது போகிற போக்கில் சொன்னது. சோனியாவுக்கும் புடவைக்கும் தொடர்பில்லை.

ஷெவ்ரலின் விதியை முதலில் பற்றிக்கொண்டவர்கள் ஓவியர்கள். சோரா புள்ளிபுள்ளியாக நிறத்தை வைத்தது அதை நம்பித்தான். ரொபேர் டெலோனே அதைக் கோட்பாடாக வளர்த்தார்: கோடும் நிழலும் இல்லாமல், நிறங்களின் மோதலை மட்டும் வைத்தே ஓவியத்தில் ஆழத்தையும் அசைவையும் உண்டாக்க முடியும் என்றார். கவிஞர் அப்போலினேர் அதற்கு ஓர்ஃபிசம் என்று பெயர் சூட்டினார். டெலோனே தம்பதியர் அந்தப் பெயரைவிட, உடனிகழ்வு என்று பொருள்படும் சிமுல்தானே என்ற சொல்லையே விரும்பினார்கள். நெசவு நூலில் பிறந்த விதி இப்படி அரை நூற்றாண்டுக்கு மேல் ஓவியச் சட்டத்துக்குள் குடியிருந்தது. அதைப் பிறந்த வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்தவர் சோனியா.

அது நடந்தது ஒரு நடன அரங்கில். மோன்பர்னாஸ் பகுதியில் பால் புல்லியே என்ற அரங்கு இருந்தது. மாணவர்களும் தொழிலாளர்களும் ஓவியர்களும் கூடுவார்கள். புதிதாக வந்திருந்த டாங்கோ நடனம் அங்கே அமர்க்களப்பட்டது. தலைக்கு மேல் மின்விளக்குகள். பாரீசுக்கும் அப்போது அவை புதிய பளபளப்புத்தான். 1913இல் சோனியா அங்கே போட்டுக்கொண்டு போவதற்காகத் தன் கையால் ஓர் உடை தைத்தார். அதை நேரில் பார்த்த அப்போலினேர் ஒரு தையல்காரரின் கவனத்தோடு குறித்துவைத்திருக்கிறார்: ஊதா உடை, ஊதாவும் பச்சையுமான அகன்ற இடைக்கச்சை, மேற்சட்டையின் உள்ளே பல வட்டாரங்களாகப் பிரிந்த நிறங்கள். சில பளிச்சென்று, சில மங்கி. பழைய ரோஜா நிறம், ஆரஞ்சு, நீலம், செஞ்சிவப்பு. துணிகளும் வேறு வேறு: கம்பளி, டாஃபெட்டா, டுல் வலைத்துணி, பஞ்சுமென்மை கொண்ட ஃபிளானல், அலையோடும் பட்டு.

இந்தத் துணிப் பட்டியலைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஓவியத்தில் சிவப்பு என்றால் சிவப்புச் சாயம், அவ்வளவுதான். துணியில் பட்டின் சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கிறது; கம்பளியின் சிவப்பு அதை விழுங்குகிறது; வலைத்துணியின் சிவப்பு பின்னால் இருப்பதையும் காட்டிக்கொடுக்கிறது. அடுத்தடுத்து வைக்கும்போது நிறத்தோடு ஒளியும் மாறுபடுகிறது. இத்தனைக்கும் மேலாக, உடை அசைகிறது. ரொபேர் தீட்டிய வட்டங்கள் சுழல்வதுபோல் தோன்றும், சுழலாது. பார்ப்பவர் கண்தான் அலைய வேண்டும். டாங்கோ ஆடும் உடலின்மேல் அதே நிறங்களை வைத்தால் கண் அலைய வேண்டிய அவசியமே இல்லை. கை உயரும்போது ஒரு பச்சை மறைந்து, அதுவரை அதனால் தூண்டப்பட்டுக்கொண்டிருந்த சிவப்பு சட்டென்று அடங்கும். அவர் கணவரும் நண்பர்களும் கித்தானில் தேடிக்கொண்டிருந்த அசைவு, உடையில் செலவில்லாமல் கிடைத்தது. பிலேஸ் சாந்த்ரார் என்ற இளம் கவிஞர் 1914இல் அந்த உடையைப் பற்றி ஒரு கவிதையே எழுதினார். உடலின்மேல் உடை என்பதைத் தலைகீழாக்கி, உடையின்மேல் அவளுக்கு உடல் இருக்கிறது என்பதுதான் அதன் மையம்.

அதே நடன அரங்கை 1913இல் ஓவியமாகவும் தீட்டினார். ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. அணைத்து ஆடும் இணைகள் நிறப்பட்டைகளாகக் கரைந்து இடமிருந்து வலமாக ஓடுகிறார்கள். அதைத் தீட்டியது ஓவியருக்கான கித்தானில் அல்ல; மெத்தை உறை தைக்கும் துணியில். துணியில் ஓவியம், ஓவியத்தில் துணி என்று அந்த ஓராண்டு முழுக்க அவருக்கு இரண்டும் ஒரே வேலையாக இருந்திருக்கிறது. சாந்த்ராரின் ரயில் பயண நெடுங்கவிதைக்கு அவர் செய்த புத்தகமும் இதே ஆண்டுதான்: இரண்டு மீட்டர் நீள மடிப்புத் தாளில் ஒரு பக்கம் கவிதை, அதன் கூடவே இறங்கிவரும் நிறங்கள். 150 பிரதிகளையும் தலைமாட்டில் கால்மாட்டாக அடுக்கினால் ஐஃபெல் கோபுரத்தின் 300 மீட்டர் உயரம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். அத்தனை பிரதிகள் முடிவடையவில்லை.

1914இல் முதல் உலகப் போர் வெடித்தபோது குடும்பம் ஸ்பெயினில் இருந்தது. அங்கேயும் போர்ச்சுகலிலும் போர்க்காலம் கழிந்தது. போர்ச்சுகலின் வடக்கே கடலோர ஊரான வீலா டோ கோண்டேயில் சந்தைக் காட்சிகளைத் தீட்டினார். தர்ப்பூசணியும் மண்பாண்டமும் வட்டங்களாக மாறின. கவலை இல்லாத நாட்கள். காரணம், பீட்டர்ஸ்பர்க்கில் மாமன் வழிச் சொத்திலிருந்து வாடகைப் பணம் வந்துகொண்டிருந்தது. 1917இல் ரஷ்யப் புரட்சி. வாடகை நின்றது, ஒரே நாளில் அவர் சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டிய குடும்பத் தலைவி ஆனார். ரொபேருக்கு அந்தக் கவலை பெரிதாகத் தொற்றியதாகத் தெரியவில்லை.

ரஷ்ய பாலே நிறுவனர் தியாகிலெஃப் அப்போது மாட்ரிடில் இருந்தார். 1918இல் லண்டனில் அரங்கேறிய கிளியோபாத்ரா நடன நாடகத்துக்கு ரொபேர் அரங்கமும் சோனியா உடைகளும் செய்தார்கள். கிளியோபாத்ராவின் உடையில் உடல் நெடுக வட்டங்கள். பிறகு மாட்ரிடில் காசா சோனியா என்ற கடை. உடைகள், துணிகள், வீட்டு அலங்காரப் பொருள்கள் அங்கே விற்றன. நாடு விட்டு நாடு வந்தவர்களின் வழக்கமான கதைதான்: வீட்டில் பொழுதுபோக்காகச் செய்தது ஊர் மாறினால் பிழைப்பாகிவிடுகிறது. ஆனால் சோனியாவைப் பொறுத்தவரை பிழைப்பு என்ற சொல்லோடு நிறுத்துவது தவறு. 1911இலும் 1913இலும் பணம் இருந்த காலத்திலேயே அவர் தைத்துக்கொண்டிருந்தவர். புரட்சி பறித்தது வாடகையை. துணியை அவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தார்.

1921இல் குடும்பம் பாரீசுக்குத் திரும்பியது. மால்ஷெர்ப் சாலையில் இருந்த அவர்கள் வீட்டில் சுவரில் கவிஞர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். சோனியா கவிதை வரிகளை உடைகளில் ஏற்றினார். 1923இல் லியோன் நகரப் பட்டு உற்பத்தியாளர் ஒருவர் 50 துணி வடிவங்கள் கேட்டார். அங்கிருந்துதான் முழுவீச்சு. பிறகு தன் சொந்தப் பெயரிலேயே அச்சிடத் தொடங்கினார். ஆம்ஸ்டர்டாமின் மெட்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகள் அவரிடம் வடிவங்கள் வாங்கியது.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். முதலில் தாளில் குவாஷ் வண்ணத்தால் ஒரு வடிவம். நீரில் கரையும், ஆனால் கெட்டியாக, அடியில் இருப்பதை மறைக்கும் வண்ணம் அது. முக்கோணம், சாய்சதுரம், வளைந்து போகும் பட்டை, வட்டத்தின் பாதி, இவ்வளவுதான் அகராதி. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, தலைப்பு கிடையாது. ஒரே வடிவத்தைப் பல நிறச் சேர்க்கைகளில் தீட்டிப் பார்ப்பார். அச்சுக்கட்டையில் ஏற்றும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை, தனி ஒற்று. நிறம் கூடினால் செலவும் கூடும். ஆகவே மூன்று நான்கு நிறங்களுக்குள் துடிப்பைக் கொண்டுவர வேண்டும். ஷெவ்ரலின் விதி கைகொடுப்பது அங்கேதான். பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதைக் கொண்டே மூன்று நிறங்களை ஆறாகக் காட்டலாம்.

எம்பிராய்டரி வேறு கணக்கு. ஹாலிவுட் நடிகை குளோரியா ஸ்வான்சனுக்காக 1923-24 வாக்கில் செய்த கம்பளி மேலங்கி இன்றும் கண்காட்சிகளில் வலம்வருகிறது. பழுப்பு, துரு நிறம், சிவப்பு, வெண்ணெய் நிறம், கறுப்பு எல்லாம் படிக்கட்டுப் போல் ஏறி இறங்கும் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் சட்டென்று மாறாமல், தையலின் அடர்த்தியில் ஒரு நிறம் அடுத்ததற்குள் கால் வைக்கிறது. அச்சில் கிடைக்கும் கூர்மையான மோதல் இங்கே இல்லை. பதிலாக ஒரு கதகதப்பு. அவருடைய வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் ஓவியங்களைத் தாண்டி இந்த மேலங்கியைத்தான் சொல்வேன்.

காலமும் கூட்டுச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரோப்பியப் பெண்ணின் உடை இடுப்பை இறுக்கிப் பிடித்து, மடிப்பும் கொசுவமுமாக உடலைப் புடைத்துக் காட்டியது. அதன்மேல் ஒரு பெரிய முக்கோணத்தை வைத்தால் அது இடுப்பில் நசுங்கிச் செத்துப்போகும். 1920களில் இறுக்குக் கச்சை கழன்று, தோளிலிருந்து நேராகத் தொங்கும் உடை வந்தது. முன்னும் பின்னும் இரண்டு தட்டைப் பரப்புகள். ஓவியருக்கு வேறென்ன வேண்டும்? சோனியாவின் வடிவங்கள் அந்தப் பத்தாண்டில் மட்டும் அப்படிப் பொருந்தியதற்கு அவர் திறமையோடு இந்த வெட்டும் காரணம்.

1925இல் பாரீசில் அலங்காரக் கலைகளுக்கான பன்னாட்டுக் கண்காட்சி நடந்தது. மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தின்மேல் மென்மயிர் ஆடை வணிகரான ஜாக் ஹெய்மோடு சேர்ந்து சிமுல்தானே கடையைத் திறந்தார். அவர் உடைகளை அணிந்த மாடல் பெண்கள், அதே வடிவம் தீட்டப்பட்ட ஒரு சித்ரோயன் காரின் அருகே நின்று எடுத்துக்கொண்ட படம் புகழ்பெற்றது. 1927இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஓவியம் உடையை எப்படிப் பாதித்தது என்று உரையாற்றினார். அதில் அவர் முன்வைத்த ஒரு திட்டம் கவனிக்கத்தக்கது. துணியை அச்சிடும்போதே அதில் வெட்டும் கோடுகளையும் சேர்த்து அச்சிட்டுவிடுவது. வாங்குபவர் கோட்டின்மேல் கத்தரித்துத் தைத்தால் போதும். வடிவமும் வெட்டும் ஒரே கையிலிருந்து வந்திருக்கும், எந்த ஊரிலும் தைத்துக்கொள்ளலாம். ஸ்வான்சனின் மேலங்கி பணக்காரர்களின் சமாசாரம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தயாரிப்பு பெருகிப் பலருக்கும் எட்டும் உடைதான் எதிர்காலம் என்று பேசிய அந்தப் பெண், தன் கடையில் அதை எட்டவில்லை.

1929இன் பொருளாதார வீழ்ச்சி வாடிக்கையாளர்களை அடித்துக்கொண்டு போனது. சில ஆண்டுகளில் பட்டறையை மூடிவிட்டு ஓவியத்துக்குத் திரும்பினார். 1937 பன்னாட்டுக் கண்காட்சியின் விமான அரங்குக்காக உந்துவிசிறி, எஞ்சின், கருவிப் பலகை என்று சுவர் அளவுக்குத் தீட்டினார். அந்த மூன்றும் இப்போது ஸ்வீடனின் லுண்ட் நகரில் உள்ளன. 1941இல் ரொபேர் புற்றுநோயால் இறந்தார். நாஜிகளின் காலத்தில் சோனியா தன் யூதப் பிறப்பை மறைத்துத் தெற்குப் பிரான்சில் நண்பர்களோடு வாழ்ந்தார். போருக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் உழைத்தது கணவரின் பெயரை நிலைநாட்டத்தான்.

அந்த உழைப்பின் விலை அவர் பெயர்தான். ரொபேர் கோட்பாட்டாளர், சோனியா அலங்காரக் கலைஞர் என்ற பங்கீடு நெடுங்காலம் கலை வரலாற்றில் நிலைத்தது. துணி என்றால் கைவேலை, கைவேலை என்றால் பெண்வேலை, பெண்வேலை என்றால் இரண்டாம் வரிசை. 1964இல் லூவர் அருங்காட்சியகத்தில் அவர் படைப்புகள் வைக்கப்பட்டன. உயிரோடு இருக்கும்போதே அங்கே காட்சி கண்ட முதல் பெண் ஓவியர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது அவரும் மகன் ஷார்லும் பிரான்சுக்கு அளித்த நன்கொடையின் காட்சி, அதில் ஒரு பகுதி ரொபேருடையது என்பதைச் சேர்த்து எழுதுபவர்கள் குறைவு. 1979 டிசம்பரில், 94 வயதில், பாரீசில் இறந்தார்.

சாவதற்குச் சற்று முன் வெளியான நினைவுக் குறிப்புகளில், தூய நிறத்தின் மேல் தனக்குள்ள ஈர்ப்பு உக்ரைனின் சிறுபருவத்திலிருந்து வந்தது என்கிறார். விவசாயிகளின் கல்யாணங்களில் சிவப்பும் பச்சையுமான உடைகள், நாடாக்கள், ஆடும்போது அவை விரிந்து எழுவது. 90 வயதில் எழுதும் நினைவு தனக்கு வேண்டியதைத் தைத்துக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் நினைவில் நின்ற சிவப்பும் பச்சையும் நேர் எதிர் நிறங்கள். அவை ஆடிக்கொண்டும் இருந்தன.

பால் புல்லியே உடையைப் போட்டுக்கொண்டு சோனியா நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளை. அசையாமல் நிற்கிறார், துண்டுகள் எல்லாம் சாம்பலின் சாயல்களாகிவிட்டன. 1920களின் நடுவில் கெல்லர் டோரியான் என்ற ஆரம்பகால வண்ணத் திரைப்பட முறையில் அவர் துணிகளை எடுத்த ஒரு குறும்படமும் எஞ்சியிருக்கிறது. பெண்கள் அவற்றை அணிந்து காட்டுகிறார்கள். சில நிமிடங்கள்தான். நிறம் கொஞ்சம் வழிகிறது, படம் நடுங்குகிறது. ஆனாலும் அதில் துணி அசைகிறது.